சொல்லுக்குச் சொல்: 'செட்' ஆகுமா, ஆகாதா?

இந்த இதழில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்தான். புரோட்டாக் கடையில் 'ஒரு செட் குடுங்க', கல்யாண வீட்டில் மைக் செட், தோட்டத்தில் பம்பு செட், பிடிக்காத வேலைக்கு 'செட் ஆகல'. இவ்வளவு புழங்கியும், இதே சொல் ஆங்கிலப் பத்தி ஒன்றில் எதிர்ப்பட்டால் தடுக்கி விழுகிறோம். 'செட்' பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்' என்று ஒரு பொது அறிவுப் புத்தகம் சொல்கிறது. இன்னொன்று 'ரன்' என்கிறது. எது சரி?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், எல்லீஸ் நகர், மதுரை

இரண்டும் சரி, காலம்தான் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வந்தது. அதில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் 430 பொருள்கள். அந்தப் பதிவின் நீளம் ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவு. பிறகு மூன்றாம் பதிப்புக்காக அகராதியைத் திருத்தியபோது 'ரன்' என்ற வினைக்கு 645 பொருள்கள் தேறின. 2011-இல் இது செய்தியாக வெளிவந்தது. உங்கள் முதல் புத்தகம் பழைய கணக்கைச் சொல்கிறது.

ஆனால் இந்த எண்ணிக்கையை ரொம்பவும் நம்ப வேண்டாம். கடிகாரத்தில் அலாரம் வைப்பதும் எலிக்குப் பொறி வைப்பதும் ஒரே பொருளா, இரண்டு பொருளா? அது அகராதிக்காரர் எங்கே கோடு கிழிக்கிறார் என்பதைப் பொறுத்தது. வினாடி வினாவுக்கு 430, 645 உதவும். படிக்கவும் பேசவும் பத்துப் பன்னிரண்டு பொருள் கைவசம் இருந்தால் போதும்.

'சிட்', 'செட்' இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். எளிதாக எப்படிச் சொல்லித் தருவது?
— ஆங்கில ஆசிரியை, மேலூர்

தன்வினை, பிறவினை நடத்தும் தமிழாசிரியரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். அமர் என்பது தன்வினை, அமர்த்து என்பது பிறவினை. உருள், உருட்டு. திருந்து, திருத்து. இதே உறவுதான் 'சிட்'டுக்கும் 'செட்'டுக்கும். 'சிட்' தானாக உட்காருவது, 'செட்' உட்கார வைப்பது. ஆங்கிலத்துக்கு மூலமான பழைய ஜெர்மானிய மொழியில் இப்படிப் பிறவினை உண்டாக்கும் வழக்கம் இருந்தது. 'லை' (கிட) என்பதற்கு 'லே' (கிடத்து), 'ரைஸ்' (எழு) என்பதற்கு 'ரெய்ஸ்' (எழுப்பு), 'ஃபால்' (விழு) என்பதற்கு 'ஃபெல்' (வீழ்த்து) என்று சில இணைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வழக்கம் ஓய்ந்துவிட்டது. தமிழில் இன்னும் அன்றாடம் ஓடுகிறது, ஆகவே நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

'ஓர் இடத்தில் அல்லது ஒரு நிலையில் இருக்கச் செய்' என்று எழுதிப் போட்டுவிட்டால் பாதிப் பொருள்கள் அதற்குள் வந்துவிடும். தமிழில் இதற்கு மிக நெருக்கமான சொல் 'வை'. அலாரம் வை, தீ வை, பொறி வை, பரீட்சை வை, விலை வை. இத்தனைக்கும் ஆங்கிலம் 'செட்' என்ற ஒன்றையே போடும். எல்லா இடத்திலும் 'வை' ஒத்துவராது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். நாளைக் குறிக்கிறோம், கல்லைப் பதிக்கிறோம், அச்செழுத்தைக் கோக்கிறோம், பந்திக்கு இலை போடுகிறோம், முறிந்த எலும்பை நேராக்கிக் கட்டுகிறோம்.

இலக்கணத்தில் கவனிக்க ஒன்று. வினையின் மூன்று வடிவத்துக்கும் 'செட், செட், செட்'தான். 'செட்டட்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். 'ஹீ செட் த அலாரம்' என்ற வாக்கியம் இறந்தகாலம்தான். நிகழ்காலமாக இருந்தால் 'செட்ஸ்' என்று வந்திருக்கும். காலத்தைக் காட்டிக்கொடுப்பது அந்த ஓர் 'ஸ்' மட்டுமே.

'தொகுதி' என்ற பொருளில் வரும் 'செட்' வேறு கிளை. இலத்தீனில் 'செக்டா' என்றால் ஒருவரைப் பின்தொடரும் கூட்டம். அது பிரெஞ்சு வழியாக 'செட்' ஆகி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' இதன் உடன்பிறப்பு. வெவ்வேறு மலையில் பிறந்த இரண்டு ஓடைகள் ஒரே வாய்க்காலில் விழுந்ததால்தான் இவ்வளவு குழப்பம்.

நேர்முகத் தேர்வில் 'முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?' என்று கேட்டார்கள். 'இட் வாஸ் நாட் செட் ஃபார் மீ' என்றேன். எதிரே இருந்தவர் முழித்தார். என்ன தவறு?
— பட்டதாரி இளைஞர், திருப்பரங்குன்றம்

'செட் ஆகு' என்பது ஆங்கிலச் சொல்லை வைத்துத் தமிழ் செய்துகொண்ட வினை. வெள்ளைக்காரருக்கு அது தெரியாது. நீங்கள் சொன்னதை அவர் 'அது எனக்காக நிர்ணயிக்கப்படவில்லை' என்கிற மாதிரி கேட்டிருப்பார். தமிழில் 'செட் ஆகல' என்ற ஒரே குடைக்குள் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் குடை.

சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் இறுக்கினால் 'இட் டஸின்ட் ஃபிட்'. அளவு சரியாக இருந்து நிறம் எடுபடாவிட்டால் 'இட் டஸின்ட் சூட் மீ'. தமிழில் இரண்டுக்குமே 'செட் ஆகல' என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால் கடைக்காரர் பெரிய அளவை எடுத்துவருவதா, வேறு நிறத்தை எடுத்துவருவதா என்று தெரியாமல் நிற்பார்.

பால் குடித்தால் வயிறு கேட்கவில்லை என்றால் 'மில்க் டஸின்ட் அக்ரீ வித் மீ'. விடுதி அறையில் கூட இருப்பவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் 'வீ டோன்ட் கெட் அலாங்'. போட்ட திட்டம் கைகூடவில்லை என்றால் 'இட் டிடின்ட் வொர்க் அவுட்'. புது ஊர் இன்னும் பழகவில்லை என்றால் 'ஐ ஹாவின்ட் செட்டில்ட் இன் யெட்'. உங்கள் கேள்விக்கு விடை: 'இட் வாஸின்ட் த ரைட் ஜாப் ஃபார் மீ', அல்லது 'த ரோல் டிடின்ட் சூட் மீ'. அதோடு நிறுத்தாமல் ஏன் என்பதற்கு அரை வாக்கியம் சேருங்கள். காரணம் இல்லாமல் சொன்னால் குறை சொல்லும் தொனி வந்துவிடும்.

நம் வழக்கில் ஒன்று மட்டும் அப்படியே செல்லுபடியாகும். 'எல்லாம் செட்' என்றால் ஆங்கிலத்திலும் 'ஆல் செட்'. ஆனால் அதற்குப் பொருள் 'கிளம்பத் தயார்' என்பது, 'பொருந்திவிட்டது' என்பதல்ல.

'செட்டிங்'கிலும் பார்த்து நடங்கள். 'எல்லாம் செட்டிங்குப்பா' என்று நாம் சொல்வது உள்ளுக்குள் பேசி முடித்த ஏமாற்று வேலையை. அதற்கு ஆங்கிலம் 'ஃபிக்ஸ்டு' அல்லது 'ரிக்டு'. 'செட்டிங்' என்று ஆங்கிலேயரிடம் சொன்னால் சுற்றுச்சூழல், பின்னணி, கைப்பேசியின் அமைப்பு இவைதான் நினைவுக்கு வரும். 'செட்டப்' மட்டும் ஓரளவு ஒத்துப்போகிறது. ஒருவரைத் திட்டமிட்டு மாட்டிவிட்டால் ஆங்கிலத்திலும் 'இட் வாஸ் எ செட்டப்' என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்குக் கொச்சையான இன்னொரு பொருளும் உண்டு. பெரியவர்கள் முன்னால் யோசித்துப் பேசுங்கள்.

சமையல் குறிப்புகளை மொழிபெயர்க்கிறேன். 'அலவ் இட் டு செட்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'செட் ஆகும் வரை வைக்கவும்' என்று எழுதினால் போதாதா?
— இல்லத்தரசி, அண்ணா நகர், மதுரை

போதும், ஆனால் அது மொழிபெயர்ப்பு ஆகாது. எந்தப் பொருள் 'செட்' ஆகிறது என்று பாருங்கள். அதற்கென்று ஒரு வினை தமிழில் உட்கார்ந்திருக்கும். பால் தயிராவது உறைவது. நெய் குளிரில் கெட்டியாவதும் உறைவதுதான். பாகும் பர்பியும் இறுகும். கடல்பாசியும் இறுகும். புட்டிங் கெட்டிப்படும். மாவு 'செட்' ஆவதற்கு வைக்கச் சொன்னால் அது ஊறுவதாகவும் இருக்கலாம், புளிப்பதாகவும் இருக்கலாம். எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அரை மணி என்றால் ஊறல், எட்டு மணி என்றால் புளிப்பு.

சொல்லைச் சரியாகப் போடுவது சமையலுக்கும் உதவும். நம் ஊர் ஜிகர்தண்டாவையே பாருங்கள். அதில் சிலர் பாதாம் பிசின் போடுகிறார்கள், சிலர் கடல்பாசி போடுகிறார்கள். பாதாம் பிசின் தண்ணீரில் ஊறி உப்பும், ஒருபோதும் இறுகாது. இரவு முழுக்க ஊறவிட வேண்டும். கடல்பாசி காய்ச்சினால் கரையும், ஆறினால் இறுகும். இரண்டுக்கும் 'செட் ஆகட்டும்' என்று எழுதிவிட்டால் படிப்பவர் பிசினை அடுப்பில் ஏற்றிவிடுவார்.

கடல்பாசிக்கு அளவையும் சேர்த்தே எழுதுங்கள். இழையாக வரும் கடல்பாசி 10 கிராம் எடுத்து, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, புதுத் தண்ணீரில் போட்டு, ஓர் இழைகூடத் தெரியாமல் கரையும் வரை கொதிக்கவிட வேண்டும். மொத்தத் திரவம் 600 மில்லி என்றால் கத்தியால் துண்டு போடும் பதம். 1 லிட்டர் என்றால் கரண்டியில் தளதளவென்று நிற்கும் பதம். பாலைச் சேர்ப்பதாக இருந்தால் பால் சூடாக இருக்க வேண்டும். கடல்பாசிக் கரைசல் 35 முதல் 40 டிகிரிக்கு வரும்போதே இறுகத் தொடங்கிவிடும். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த பாலை ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே கட்டிகட்டியாகத் திரளும். திரண்டுவிட்டால் மறுபடி அடுப்பில் வைத்து நன்றாகக் காய்ச்சலாம், கரைந்துவிடும். ஆங்கிலக் குறிப்பில் ஜெலட்டின் என்று போட்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. ஜெலட்டினுக்குக் குளிர்பெட்டி வேண்டும்; கடல்பாசி மதுரை வெயிலிலும் வெளியிலேயே இறுகும்.

கொத்தனார் 'கான்கிரீட் செட் ஆகிருச்சு, காஞ்சிருச்சு' என்கிறார். பொறியாளரின் ஆங்கிலக் குறிப்பில் 'செட்', 'ஹார்டன்', 'க்யூர்' என்று மூன்று சொல். எல்லாம் ஒன்றுதானே?
— வீடு கட்டுபவர், திருமங்கலம்

மூன்றும் மூன்று. ஒன்றென்று நினைத்தால் தளத்தில் விரிசல் விடும்.

'செட்' என்பது குழைவு போய் இறுகுவது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இந்தியத் தரக் குறிப்பின்படி தொடக்க இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன்னால் வரக் கூடாது, இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆலையிலேயே சிமென்ட்டோடு ஜிப்சம் சேர்த்து அரைப்பது இதற்காகத்தான். ஜிப்சம் இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் கலவை கட்டித்துப் போய்விடும், கரண்டியால் அள்ளக்கூட நேரம் கிடைக்காது.

'ஹார்டன்' என்பது இறுகிய பின் வலு ஏறுவது. அது நாள்கணக்கில் நடக்கும். அதனால்தான் கான்கிரீட் கட்டையை 28-ஆம் நாளில் நசுக்கிப் பார்க்கிறார்கள்.

'க்யூர்' என்பது அந்த வலு ஏறுவதற்காக நாம் ஈரம் காப்பது. தண்ணீர் கட்டுவது, ஈரச் சாக்குப் போடுவது எல்லாம் இதில் அடங்கும். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சிமென்ட் என்றால், அல்லது சித்திரை வெயில் மாதிரி கடும் வெயில் என்றால் 10 நாள்.

சிக்கல் 'காஞ்சிருச்சு' என்ற சொல்லில்தான் இருக்கிறது. சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. காய்ந்துபோனால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். 'காயணும்' என்ற நினைப்பிலேயே சிலர் தண்ணீர் ஊற்றாமல் விடுகிறார்கள். மேற்பரப்பு மாவாக உதிர்வதற்கும் மயிரிழை விரிசலுக்கும் இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று: மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் தெளித்துக் கிளறிப் பூசுவது. குழைவு திரும்பி வரும், வலு திரும்பி வராது.

தீர்ப்பில் 'த ஆர்டர் இஸ் செட் அசைட்' என்று இருக்கிறது. 'உத்தரவு ஒதுக்கி வைக்கப்பட்டது' என்று ஒருவர் எழுதிக்கொடுத்தார். கட்சிக்காரர் 'அப்ப பிறகு எடுப்பாங்களா?' என்று கேட்கிறார்.
— வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா, ஒத்தக்கடை

கட்சிக்காரர் கேட்டதில் தப்பில்லை, மொழிபெயர்ப்புதான் தப்பு. நீதிமன்றத்தில் 'செட் அசைட்' என்றால் ரத்து செய்வது. அந்த உத்தரவு இனிச் செல்லாது. பணத்தை 'செட் அசைட்' செய்தால்தான் ஒதுக்கி வைப்பது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2004-இல் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்து வழக்குகளின் ஆங்கிலத் தாள்கள் நம் ஊரிலேயே புழங்குகின்றன. அடிக்கடி தடுமாற வைக்கும் இன்னும் சில: 'ஸ்டே' என்றால் தடை, அதாவது உத்தரவு உயிரோடு இருக்கும், நடைமுறைக்கு வராது. 'ரிமாண்டட்' என்று வழக்கைப் பற்றிச் சொன்னால் மறு விசாரணைக்குக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புவது. ஆளைப் பற்றிச் சொன்னால் காவலில் வைப்பது. 'செட் அசைட் அண்ட் ரிமாண்டட்' என்று சேர்ந்து வந்தால் உத்தரவும் போயிற்று, விசாரணையும் மறுபடி உண்டு. கட்சிக்காரரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அவர் வெற்றி என்று இனிப்பு வாங்கிவிடப் போகிறார்.

'செட் ஆஃப்' என்பது வேறு. தண்டனைக் கைதி விசாரணையின்போது சிறையில் இருந்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்வது அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 468-ஆம் பிரிவு. வருமான வரிக் கணக்கிலும் இதே சொல் வரும்: ஓர் இனத்து நட்டத்தை இன்னோர் இனத்து வருமானத்தில் ஈடுகட்டுவது. ஆனால் பயணக் கதையில் 'தே செட் ஆஃப்' என்றால் கிளம்பினார்கள், அவ்வளவுதான். வெடியை 'செட் ஆஃப்' செய்தால் கொளுத்துவது.

கைப்பேசியில் மொழிபெயர்த்தால் 'சூரியன் அமைகிறது', 'கதை மதுரையில் அமைக்கப்பட்டுள்ளது' என்று வருகிறது. சரியா?
— கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

முதலாவது அபத்தம். சூரியன் மறைகிறது, சாய்கிறது. பேச்சில் 'பொழுது அடைஞ்சிருச்சு', 'பொழுது சாஞ்சிருச்சு'. பழந்தமிழில் 'படு' என்ற வினையே இதற்கு இருந்தது. தொல்காப்பியத்தில் நெய்தல் நிலத்துக்கு உரிய சிறுபொழுதான 'எற்பாடு' என்பதைப் பிரித்தால் எல் + பாடு. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் படுதல். இவ்வளவு பழைய சொல் கையில் இருக்கும்போது சூரியனை 'அமைக்க' வேண்டாம்.

இரண்டாவது இலக்கணப்படி நிற்கும், காதுக்கு ஒட்டாது. 'கதை மதுரையில் நடக்கிறது' என்றோ 'கதைக்களம் மதுரை' என்றோ எழுதுங்கள். 'மழைக்காலம் செட் இன் ஆனது' என்பதை 'மழை பிடித்துக்கொண்டது' என்று எழுதினால் அழகு.

மாமரத்துக்கு மருந்துத் தாளில் 'ஃப்ரூட் செட்' சமயத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறது. அது எந்தக் கட்டம்? பூவா, காயா?
— விவசாயி, அழகர்கோவில் அருகே

இரண்டுக்கும் நடுவே. பூ கருவுற்று, இதழ் உதிர்ந்து, கடுகளவு பச்சைப் பிஞ்சு காம்பில் நிற்கும் கட்டம். பிஞ்சு பிடிப்பது என்று நீங்கள் சொல்வதுதான் அது. அதே தாளில் 'ஃபுல் ப்ளூம்' என்று இருந்தால் கொத்து முழுவதும் மலர்ந்த கட்டம். 'பீ ஸ்டேஜ்' என்று இருந்தால் பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த கட்டம். அடுத்தது 'மார்பிள் ஸ்டேஜ்', கோலிக்குண்டு அளவு.

கட்டம் மாறினால் பலனும் மாறும். முழுப் பூவில் பூச்சிமருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈயும் தேனீயும் செத்துப்போகும், பிஞ்சே பிடிக்காது. தாமதித்தால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பூங்கொத்தையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். மா மரத்தில் பூக்கும் பூவில் மிகச் சிறு பங்கே காயாக நிற்பது இயல்பு. ஆகவே கொஞ்சம் உதிர்வதைப் பார்த்துப் பயந்துபோய்க் கூடுதலாக அடிக்க வேண்டாம்.

மைக் செட், பேண்டு செட், பல் செட், நகை செட். ஆங்கிலத்தில் இவற்றை இப்படியே சொல்லலாமா?
— ஒலிபெருக்கி வாடகைக் கடைக்காரர், சோழவந்தான்

பாதிக்குப் பாதி. உங்கள் மைக் செட்டில் மைக், ஆம்ப்ளிஃபையர், குழாய், பெட்டி ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் அடக்கம். ஆங்கிலத்தில் அது 'பி.ஏ. சிஸ்டம்' அல்லது 'சவுண்டு சிஸ்டம்'. வெளிநாட்டு விலைப்பட்டியலில் 'மைக் செட்' என்று தேடினால் வெறும் மைக்குகள் நாலைந்து அடங்கிய பெட்டி வரும். பேண்டு செட்டுக்கு 'ப்ராஸ் பேண்டு'. பல் செட்டுக்கு 'டென்ச்சர்ஸ்'. 'செட் ஆஃப் டீத்' என்றால் சொந்தப் பல் வரிசையையும் குறிக்கும், மருத்துவரிடம் சொல்லும்போது குழம்பும். பம்பு செட் இந்திய ஆங்கிலத்தில் அரசுத் தாளிலேயே ஏறிவிட்டது, கவலையில்லை.

நகை செட் ஆங்கிலத்திலும் 'ஜுவல்லரி செட்'தான். வாங்கும்போது மட்டும் 'செட்' என்று மொத்தமாக எழுதிய பில்லை வாங்காதீர்கள். ஆரம், தோடு, ஜிமிக்கி, வளையல் ஒவ்வொன்றின் எடையும் கல் கழித்துத் தனித்தனியே வர வேண்டும். தங்க நகையின் ஹால்மார்க்கோடு வரும் தனி அடையாளக் குறியான, ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. முத்திரை 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். செட்டில் இருக்கும் ஒவ்வோர் உருப்படியிலும் அதைப் பாருங்கள். 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு.

தொகுதியைச் சொல்ல ஆங்கிலத்துக்கு 'செட்' ஒன்று என்றால் நமக்குப் பொருளுக்கொரு சொல். சாவிக் கொத்து, பாத்திர அடுக்கு, பல் வரிசை, செருப்பு ஜோடி, மணிக் கோவை, சீட்டுக் கட்டு. கடையில் 'ஒரு செட் பூரி' எத்தனை என்பது மட்டும் கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொள்வது நல்லது.

பள்ளிக்கூடத்து 'செட்'டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'நாங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு' என்றால் ஒரே ஆண்டில் படித்தவர்கள். இங்கிலாந்துப் பள்ளியில் 'ஸேம் செட்' என்றால் ஒரே திறன்மட்டத்துக்குப் பிரித்த வகுப்பு. 'டாப் செட்' என்றால் நன்றாகப் படிப்பவர்கள். நாம் சொல்ல வேண்டியது 'ஸேம் பேட்ச்' அல்லது 'ஸேம் இயர்'.

போட்டித் தேர்வில் 'செட்' என்பதற்கு ஒத்த சொல் கேட்கிறார்கள். எதை மனப்பாடம் செய்வது?
— தேர்வர், வாடிப்பட்டி

பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், வாக்கியத்தைப் பாருங்கள். முதலில் 'செட்' அங்கே வினையா, பெயரா, பெயரடையா என்று பிரியுங்கள். முன்னால் 'எ' இருந்து பின்னால் 'ஆஃப்' வந்தால் பெயர். விடை 'க்ரூப்', 'கலெக்‌ஷன்', 'சீரீஸ்' இவற்றில் ஒன்று. பின்னால் இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் பெயரடை: 'செட் மெனு', 'செட் ஐடியாஸ்'. விடை 'ஃபிக்ஸ்டு', மனிதரின் குணமானால் 'ரிஜிட்'. 'செட் டு' என்று வந்து அடுத்து வினை இருந்தால் 'ரெடி' அல்லது 'லைக்லி'.

வினையாக இருந்தால் எதை 'செட்' செய்கிறார்கள் என்று பாருங்கள். பொருளை வைத்தால் 'புட்', 'பிளேஸ்'. நாள், விலை, வரம்பு என்றால் 'ஃபிக்ஸ்', 'டிட்டர்மின்'. கருவி என்றால் 'அட்ஜஸ்ட்'. முன்மாதிரி, சாதனை என்றால் 'எஸ்டாப்ளிஷ்'. செயப்படுபொருளே இல்லாமல் சிமென்ட்டோ ஜெல்லியோ எழுவாயாக நின்றால் 'ஹார்டன்', 'சாலிடிஃபை'.

கடைசியில் விடையை 'செட்' இருந்த இடத்தில் வைத்து முழு வாக்கியத்தையும் வாசித்துப் பாருங்கள். 'அட்ஜஸ்ட்' என்பதற்கு ஏற்கெனவே இருப்பதைக் கொஞ்சம் மாற்றுவது என்று பொருள். புதிதாக நாள் குறிப்பதற்கு அது ஆகாது. தேர்வர்கள் அதிகம் வழுக்கும் இடம் அதுதான்.

கணிதத்தில் 'செட்' கணமா, தொடையா?
— பத்தாம் வகுப்பு மாணவர், பேரையூர்

நம் பாடநூலில் கணம். உட்கணம், வெற்றுக் கணம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தொடை. தேர்வுத் தாளில் கணம் என்றே எழுதுங்கள்.

'செட்' தேர்வு என்பதிலும் இதே சொல்தானா?
— முதுகலை மாணவி, நாகமலை

இல்லை. அது மாநிலத் தகுதித் தேர்வு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு அது. தேசிய அளவில் நடப்பது 'நெட்'.

ஆஃப்செட் அச்சில் என்ன 'செட்' ஆகிறது?
— அச்சகத் தொழிலாளி, சிம்மக்கல்

தகட்டில் இருக்கும் மை நேராகக் காகிதத்தில் படுவதில்லை. முதலில் ரப்பர் பிளாங்கெட்டில் இறங்கி, அங்கிருந்து காகிதத்துக்கு மாறுகிறது. இப்படி ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பதிப்பதால் ஆஃப்செட். தகட்டில் எழுத்து நேராகவும் ரப்பரில் இடவலம் மாறியும் தெரிவது இதனால்தான். அச்சான தாளின் பின்பக்கத்தில் மை ஒட்டிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'செட்-ஆஃப்' என்பார்கள். மை காய்வதற்குள் தாளை உயரமாக அடுக்கினாலோ, மையை அளவுக்கு மீறி ஓடவிட்டாலோ அது வரும். அடுக்கின் உயரத்தைக் குறைத்து, தெளிப்புப் பொடியைச் சரிபாருங்கள்.